முதலில் அடை, பிறகு மலை

(ஐந்தருவியில் குடும்பங்களுக்கான கூடுகை ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



காலையிலேயே அருவிக்குப் போய்வந்தவர்கள் இங்கே பாதிப் பேராவது இருப்பீர்கள். துண்டு இன்னும் தோளில் கிடக்கிறது, தலையில் ஈரம் காயவில்லை. வெளியே சாரலும் விட்டபாடில்லை. மேலே பழத்தோட்ட அருவிப் பக்கமிருந்து வருகிற ஒரே தண்ணீர் இங்கே பாறையில் ஐந்து கிளையாகப் பிரிந்து விழுகிறது. அதில் ஒன்றின் அடியில் போய்த் தலையைக் கொடுத்து நின்றால் வேறு எதையும் நினைக்க முடியாது. வீட்டுக்கடன், பிள்ளையின் மார்க், ஆபீசில் மேலதிகாரி சொன்ன சொல், நேற்று மருமகளோடு வந்த வாக்குவாதம் எல்லாம் அந்த இரைச்சலில் கொஞ்ச நேரம் அடங்கிவிடும். பின்னால் நிற்பவர், "அண்ணாச்சி, கொஞ்சம் தள்ளுங்க" என்று சொல்லும்வரை அந்த நிம்மதி நமக்குச் சொந்தம்.

அந்த நிம்மதியை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆண்டவர் படைத்த தண்ணீர், ஆண்டவர் கொடுத்த ஓய்வு. ஆனால் தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாக நுழைந்து இங்கே சாரலைக் கொண்டுவருவது ஜூன் முதல் செப்டம்பர் வரைதான். சீசன் நாலு மாதம், டென்ஷன் பன்னிரண்டு மாதம். நீங்கள் நாளைக்கு ஆலங்குளத்துக்கும் சுரண்டைக்கும் பாவூர்சத்திரத்துக்கும் திரும்பிப் போய்விடுவீர்கள். திங்கட்கிழமை காலை ஐந்தரை மணிக்கு அலாரம் அடிக்கும்போது இந்த அருவி உங்களோடு இருக்காது. அந்தத் திங்கட்கிழமையைப் பற்றித்தான் இன்றைக்கு நான் பேச வந்திருக்கிறேன்.

மன அழுத்தம் என்றால் பெங்களூரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவர்களுக்கு வருவது என்று பலர் நினைக்கிறார்கள். நம் மாவட்டத்தில் அதைப் பார்க்க வேண்டுமானால் ஏதாவது ஒரு ஊர்த் திண்ணைக்குப் போனால் போதும். அங்கே ஓர் அக்கா மடியில் தட்டை வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருப்பார். நனைத்து வைத்த இலையை அளவுக்கு வெட்டி, தூளைப் பரப்பி, சுருட்டி, நுனியை மடக்கி, நூலால் ஒரு கட்டு. கை தன்பாட்டுக்கு ஓடும். கண் மட்டும் அடிக்கடி கடிகாரத்துக்குப் போகும். 1,000 பீடி முடித்துக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் அன்றைக்குக் கணக்கு. சரியில்லை என்று அவர்கள் கழித்துப்போட்டால் அதுவும் இவர் தலையில்தான். செவ்வாய்க்கிழமை குழுக்கடன் தவணை. மகன் பன்னிரண்டாம் வகுப்பு. வீட்டுக்காரர் கேரளாவில் வேலைக்குப் போயிருக்கிறார், இரண்டு நாளாகப் போன் இல்லை. குனிந்து குனிந்து முதுகில் வலி. ராத்திரி படுத்தால் தூக்கம் வருவதில்லை.

அப்படி ஓர் அக்கா ஒருநாள் ஆராதனை முடிந்து எல்லோரும் போன பிறகு என்னிடம் வந்தார். "ஐயா, ஜெபம் பண்ண உக்காந்தா தவணைதான் ஞாபகத்துக்கு வருது. நெஞ்சு படபடன்னு அடிக்குது. எனக்கு விசுவாசம் கொறஞ்சு போச்சா?" என்று கேட்டார். கேட்டுவிட்டுக் குனிந்துகொண்டார். கடன் அவரை வருத்தியது உண்மை. கடவுளுக்குத் தன்மேல் வருத்தமோ என்ற பயம் அதைவிட அதிகமாக அவரை வருத்தியது. இன்றைக்கு நான் பேசப்போவது முழுக்க அந்தக் கேள்விக்கான பதில்.

விசுவாசம் குறையவில்லை. உடம்பு களைத்துப் போயிருக்கிறது.

நமக்கு ஆபத்து வந்தால் உடம்பு தன்னைத் தயார்செய்துகொள்ளும்படி ஆண்டவர் அதை அமைத்திருக்கிறார். சிறுநீரகங்களுக்கு மேலே இருக்கிற அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினையும் கார்டிசாலையும் ரத்தத்தில் விடும். இதயம் வேகமாக அடிக்கும், மூச்சு வேகமாகும், தசை இறுகும், பசி அடங்கும். வயல் வரப்பில் பாம்பைப் பார்த்தால் இதெல்லாம் வேண்டியதுதான். பாம்பு போய்விட்டால் உடம்பும் பழைய நிலைக்கு வந்துவிடும். தவணை அப்படிப்பட்ட பாம்பு இல்லை. வாராவாரம் வரும், போகவே போகாது. ஆகையால் உடம்பும் இறங்கவே இறங்காமல் நிற்கிறது. ஹான்ஸ் செல்யே என்ற ஆய்வாளர் 1936இல் இதைப் பற்றி எழுதத் தொடங்கினார். காரணம் எதுவாக இருந்தாலும், ஓயாத நெருக்கடியில் உடம்பு ஒரே மாதிரி தேய்கிறது என்பதை அவர் கண்டார். ஜெபத்தில் உட்கார்ந்ததும் நெஞ்சு படபடப்பது பாவம் அல்ல. நாள் முழுக்க ஓடிய உடம்பு அப்போதுதான் ஒரு நிமிடம் சும்மா இருக்கிறது. அதனால் அதன் சத்தம் நமக்கு அப்போதுதான் கேட்கிறது.

இதை வேதம் நமக்கு வெகுகாலத்துக்கு முன்பே காட்டியிருக்கிறது. எலியாவின் கதையை ஞாயிறு பள்ளியில் எல்லோரும் படித்திருக்கிறோம். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கியது நமக்குப் பிடித்த பகுதி. பெரிய வெற்றி. அதன் பிறகு மழை. ராஜாவாகிய ஆகாபின் ரதத்துக்கு முன்னால் யெஸ்ரயேல் வரைக்கும் எலியா ஓடினார். அதற்கு அடுத்த அதிகாரத்தைத்தான் நாம் வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறோம். ஆகாபின் மனைவி யேசபேல் ஆள் அனுப்பி, உன்னைக் கொல்லுவேன் என்றாள். அவ்வளவுதான், எலியா உடைந்துபோனார். யூதாவின் பெயெர்செபா வரைக்கும் போய், கூட வந்த வேலைக்காரனையும் அங்கே விட்டுவிட்டு, தனியாக வனாந்தரத்தில் ஒருநாள் பயணம் நடந்து, ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, ஆண்டவரே, எனக்குச் சாவு வேண்டும் என்று கேட்டார். கேட்டவர் தீர்க்கதரிசி. நேற்று அக்கினியை வருவித்தவர்.

கவனியுங்கள், அப்போது ஆண்டவர் என்ன செய்தார்? பிரசங்கம் பண்ணவில்லை. உன் விசுவாசம் எங்கே என்று கேட்கவில்லை. எலியாவைத் தூங்க விட்டார். பிறகு ஒரு தூதன் வந்து அவரைத் தொட்டான். எழுந்து சாப்பிடு என்றான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டார், குடித்தார், மறுபடியும் படுத்துவிட்டார். தூதன் அதற்கும் கோபித்துக்கொள்ளவில்லை. இரண்டாவது தடவையும் வந்து தொட்டு, இன்னும் சாப்பிடு, போக வேண்டிய தூரம் அதிகம் என்றான். அந்தச் சாப்பாட்டின் பலத்தில்தான் எலியா 40 நாள் இரவும் பகலும் நடந்து ஓரேப் மலைக்குப் போனார். முதலில் அடை, பிறகுதான் மலை. தூக்கமும் சோறும் ஒரு தொடுகையும் கிடைத்த பிறகுதான் அவருக்குத் தேவனுடைய பர்வதம் கிடைத்தது.

மலையில் நடந்ததும் எனக்கு மிகவும் பிடித்தது. எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம் என்று ஆண்டவர் கேட்கிறார். எலியா தன் குறையைக் கொட்டுகிறார். காற்று, நிலநடுக்கம், அக்கினி எல்லாம் போன பின்பு மெல்லிய ஒரு சத்தம் வருகிறது. மறுபடியும் அதே கேள்வி. எலியா மறுபடியும் அதே குறையை, ஏறக்குறைய அதே வார்த்தைகளில் சொல்கிறார். ஒரே புலம்பலை இரண்டு தடவை முழுவதுமாகக் கேட்டுக்கொள்கிற கடவுள் நம்முடையவர். நம் வீட்டில் ஒருவர் அதே கவலையை இரண்டாவது தடவை சொன்னால், "அதான் அன்னைக்கே சொல்லியாச்சே" என்று நாம் வெட்டிவிடுகிறோம். கேட்டு முடித்த பிறகு ஆண்டவர் அவருக்குச் செய்யக்கூடிய சில வேலைகளைக் கொடுத்தார். நீ ஒருவன் மட்டும் மீந்திருக்கவில்லை, இன்னும் 7,000 பேர் இருக்கிறார்கள் என்றார். துணைக்கு எலிசாவைக் கொடுத்தார். தனியாக வனாந்தரத்துக்குப் போன மனிதன் திரும்பிவரும் வழியில் ஒரு துணையைப் பெற்றுக்கொண்டான்.

அந்த அதிகாரத்தை நாளை இரவு வீட்டில் யாராவது சத்தமாக வாசியுங்கள். ராஜாக்கள் முதலாம் புத்தகம், பத்தொன்பதாம் அதிகாரம்.

இன்னொன்று 42ஆம் சங்கீதம். கோராகின் புத்திரருடைய அந்தப் பாட்டிலே தண்ணீரின் இரைச்சல் வருகிறது, அலைகள் ஒருவன்மேல் புரண்டு போவது வருகிறது. ஐந்தருவியில் உட்கார்ந்து வாசித்தால் அதன் பலம் நன்றாகவே தெரியும். பாடுகிறவர் அழுகிறார், கண்ணீரே தன் சாப்பாடு என்கிறார். நடுவில் அவர் தன் ஆத்துமாவையே நிறுத்தி, நீ ஏன் இப்படிக் கலங்குகிறாய் என்று கேட்கிறார். கேட்டவுடன் தீர்ந்துவிடவில்லை. அடுத்த சங்கீதத்திலும் அதே கேள்வி வருகிறது. மனதில் ஓடுகிற எண்ணத்தை அப்படியே நம்பிவிடாமல் அதை நிறுத்திக் கேள்வி கேட்பதைத்தான் இன்றைய மனநல ஆலோசகர்களும் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

இனி நம் பக்கத்து மண்ணில் வாழ்ந்த ஒருவரைப் பார்ப்போம். இதே மேற்குத் தொடர்ச்சி மலையைப் பிடித்துக்கொண்டு தெற்கே போனால் களக்காடு, அதையும் தாண்டி டோனாவூர். அயர்லாந்தின் வட பகுதியில் 1867இல் பிறந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1895இல் இந்தியாவுக்கு வந்தார். 1901 முதல் டோனாவூரில் இருந்து, கோயில்களுக்கு நேர்ந்துவிடப்பட்ட பெண்குழந்தைகளையும் ஆதரவற்ற பிள்ளைகளையும் வளர்த்தார். எல்லோருக்கும் அவர் அம்மா. இந்த வேலையின் பாரம் எவ்வளவு இருந்திருக்கும் என்று பிள்ளை வளர்த்தவர்களுக்குத் தெரியும். அவர் செய்த ஒரு காரியத்தை நான் குறிப்பாகச் சொல்ல விரும்புகிறேன். மலைக்காட்டுக்குள் ஓர் இடத்தை வாங்கி வீடு கட்டி, பிள்ளைகளையும் ஊழியர்களையும் அங்கே ஓய்வுக்கு அழைத்துப் போனார். ஊழியத்தில் ஓய்வுக்கும் இடம் வேண்டும் என்று அந்த அம்மாள் திட்டமிட்டு ஏற்பாடு செய்தார். ஓய்வெடுத்தால் ஊழியம் கெட்டுவிடும் என்று நினைக்கிற நம் போதகர்களும் அவர்களை ஒருநாள்கூட விடாத நம் சபைகளும் இதைக் கவனிக்க வேண்டும்.

1931இல் களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்க்கப் போன இடத்தில் அவர் பள்ளத்தில் விழுந்தார். கால் முறிந்தது. அதிலிருந்து 1951 ஜனவரியில் இறக்கும்வரை ஏறக்குறைய இருபது வருஷம் பெரும்பாலும் ஓர் அறையிலேயே கிடந்தார். வலி இருந்தது, தூக்கமில்லாத இரவுகள் இருந்தன. அந்த அறையிலிருந்துதான் பல புத்தகங்களை எழுதினார். நோயாளிகளுக்காக அவர் எழுதியதில் ஒரு விஷயத்தைச் சொல்கிறார்: சுகமாக இருப்பவர்கள் நோயாளிக்கு எழுதுகிற ஆறுதல் பெரும்பாலும் உதவுவதில்லை, வலியில் இருப்பவரே வலியில் இருப்பவருக்கு எழுத வேண்டும். நாம் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுக்கைப் பக்கம் நின்று வசனங்களை அடுக்குகிறோமே, அப்போது இதை நினைத்துக்கொள்ள வேண்டும். சில சமயம் ஒரு பிளாஸ்க் காப்பி கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதே போதும்.

இரண்டாவது மனிதர் ஸ்டான்லி ஜோன்ஸ். 1907இல் இந்தியாவுக்கு வந்த அமெரிக்க மெதடிஸ்ட் மிஷனெரி. மலைக்கு அந்தப் பக்கம் பம்பை ஆற்று மணலில் நடக்கும் மாராமண் கன்வென்ஷனில் பல தடவை பேசியவர். இந்தியாவில் முதல் பத்து ஆண்டுக்குள்ளாகவே அவருக்கு நரம்புத் தளர்ச்சி வந்து, திரும்பத் திரும்ப உடைந்துபோனார். ஊருக்குப் போய் ஓய்வெடுத்து வந்தும் சரியாகவில்லை. லக்னோவில் ஒருநாள் ஜெபத்தில் எல்லாவற்றையும் ஆண்டவர் கையில் விட்டுவிட்டபோது தனக்குள் ஒரு சமாதானம் வந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகு எண்பது வயதைத் தாண்டியும் ஊர் ஊராகப் பிரயாணம் செய்தார். இதுவரைக்கும் எல்லா மேடையிலும் சொல்லுவார்கள். இதற்கு அடுத்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதே ஸ்டான்லி ஜோன்ஸ்தான் 1950இல் லக்னோவில் நூர் மன்ஸில் என்ற மனநல மருத்துவ நிலையத்தைத் தொடங்கினார். ஜெபத்தில் சுகம் கண்ட மனிதர், எல்லோரும் என்னைப்போல ஜெபம் பண்ணினால் போதும் என்று சொல்லிவிடவில்லை. மருத்துவர்களைக் கூட்டிவந்தார். நம் வேலூரிலும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் பாகாயத்தில் 1957 முதல் இயங்குகிறது. அங்கே நோயாளியைத் தனியாக அடைத்துப் போடாமல் குடும்பத்தாரும் கூடவே தங்கி, எப்படிப் பார்த்துக்கொள்வது என்று கற்றுக்கொள்கிறார்கள். விசுவாசத்தோடு மருத்துவத்தையும் சேர்த்துக் கொடுத்த கிறிஸ்தவர்கள் இவர்கள். நாம் ஏன் இரண்டையும் சண்டைக்கு விடுகிறோம்?

சரி, திங்கட்கிழமைக்கு வருவோம். பெரிய தீர்மானம் எதுவும் வேண்டாம். உபவாசக் கூட்டத்தில் கண்ணீர்விட்டு எடுக்கிற தீர்மானம் பலசமயம் புதன்கிழமைவரைகூட நிற்பதில்லை. தினமும் ஒரே நேரத்தில் செய்கிற சின்னக் காரியம்தான் நிற்கும். விசுவாசம் பழக்கமாக இறங்கினால் மனசு சோர்ந்துபோன நாளிலும் அது நம்மைத் தாங்கும்.

காலையில் போனைத் தொடுவதற்கு முன் பத்து நிமிடம். இதற்கு மேல் சொல்லப் போவதில்லை, எல்லோருக்கும் தெரிந்ததே. வாட்ஸ்அப்பில் வருகிற வசனப் படம் இந்தப் பத்து நிமிடத்துக்கு ஈடாகாது.

பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டும். நாம் உட்கார்ந்திருக்கிற இந்த மலையைத்தான் பக்கத்து மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சியில் பாடினார். திருநெல்வேலியில் 1774இல் பிறந்த வேதநாயக சாஸ்திரியார் அந்த வகையை எடுத்துக்கொண்டு பெத்லகேம் குறவஞ்சி பாடினார். குற்றாலத்துக் குறத்தியின் நடை இப்படித்தான் நம் கிறிஸ்தவப் பாட்டுக்குள் வந்தது. சாஸ்திரியாரின் கீர்த்தனைகளை இன்றும் நம் ஆலயங்களில் பாடுகிறோம். ஒரு கீர்த்தனையின் பல்லவியை இழுத்துப் பாடிப் பாருங்கள். மூச்சை வேகமாக இழுத்து, மெதுவாக, நீளமாக விடுவீர்கள். மூச்சை நீளமாக விடும்போது வேகஸ் என்ற நரம்பின் வழியாக இதயத்துடிப்பு தணிகிறது. அட்ரினலின் ஏற்றிவிட்டதை இது இறக்குகிறது.

2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் லூச்சியானோ பெர்னார்டியும் அவரோடு இருந்தவர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 23 பேரை லத்தீன் மொழியில் ஜெபமாலை சொல்ல வைத்தார்கள், யோக மந்திரத்தையும் சொல்ல வைத்தார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்குக் குறைந்தது. சும்மா இருக்கும்போது நாம் நிமிடத்துக்குப் பன்னிரண்டு தடவைக்குக் குறையாமல் மூச்சுவிடுகிறோம். மந்திரத்திலும் அதே பலன் என்றதும் சிலருக்குச் சங்கடமாக இருக்கலாம். எனக்கு இல்லை. மூச்சை ஊதியவர் எல்லா மனிதருக்கும் ஒரே மாதிரிதான் ஊதினார். யாரிடத்தில் ஜெபிக்கிறோம் என்பது நம் விசுவாசம், மெதுவாக ஜெபிப்பது உடம்புக்கும் உதவி. அந்த அக்காவிடம் நான் முதலில் சொன்னதும் இதுதான்: "ஜெபம் வரலைன்னா பாடுங்க. தட்டு மடியில இருக்கும்போதே பாடுங்க. இருபத்துமூணாம் சங்கீதத்தை ஒரு மூச்சுக்கு ஒரு வரியாச் சொல்லுங்க. அதுவும் ஜெபம்தான்."

அடுத்து குடும்ப ஜெபம். நம் பக்கத்து வீடுகளில் ராத்திரி எட்டு மணிக்குப் பாய் விரித்து உட்காருவோம். ஒரு கீர்த்தனை, ஒரு சங்கீதம், அப்பா ஜெபம், கடைசியில் பரமண்டல ஜெபம். சின்னது அதற்குள் அம்மா மடியில் தூங்கியிருக்கும். இது நம் முன்னோர் விட்டுப்போன பெரிய சொத்து. பல வீடுகளில் இன்று இது இல்லை. ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு போன். சில வீடுகளில் இருக்கிறது, ஆனால் ஜெபத்துக்குள்ளேயே பிள்ளைக்குத் திட்டு விழுகிறது. "ஆண்டவரே, இவன் படிக்கவே மாட்டேங்கிறான், இவனுக்குப் புத்தியைக் கொடும்" என்று அப்பா கண்ணை மூடிக்கொண்டு சொன்னால், அந்தப் பையன் அந்த நேரத்தை எப்படி விரும்புவான்? கடவுளும் அப்பா பக்கம் சேர்ந்துகொண்டார் என்றுதான் நினைப்பான்.

ஒரு சின்ன மாற்றத்தை மட்டும் கேட்கிறேன். ஜெபத்துக்கு முன்னால் அந்த நாளில் பாரமாக இருந்த ஒரே ஒரு விஷயத்தை ஒவ்வொருவரும் சொல்லட்டும். தாத்தாவும் சொல்லட்டும், மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லட்டும். நடுவில் யாரும் புத்தி சொல்லக்கூடாது, திட்டக்கூடாது, சிரிக்கக்கூடாது. ஓரேப் மலையில் ஆண்டவர் கேட்ட மாதிரி கேட்டால் போதும். பிறகு அதற்காக ஜெபியுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இதைத் தொடங்கிச் சில வாரங்களுக்குள், ஒன்பதாம் வகுப்பு படிக்கிற பெண், பஸ்ஸில் ஒருவன் தினமும் தொந்தரவு செய்கிறான் என்று சொன்னாள். மாதக்கணக்காக மனசுக்குள் வைத்திருந்தாள். பள்ளிக்கூடம் போக வயிற்றுவலி வயிற்றுவலி என்று அழுததன் காரணம் அன்றைக்குத்தான் வீட்டுக்குத் தெரிந்தது. மறுநாள் அப்பா அவளோடு பஸ் ஸ்டாப்புக்குப் போனார், பள்ளிக்கூடத்திலும் பேசினார். வயிற்றுவலி மருந்தில்லாமல் போயிற்று.

பணக் கவலைக்கு ஒரு நோட்டு வேண்டும். நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள் என்று மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர் சொன்னதை நாம் கணக்குப் பார்க்காமல் இருப்பதற்கு அனுமதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த அக்காவும் நானும் சபையில் வங்கியில் வேலை பார்த்த ஒரு சகோதரரும் உட்கார்ந்து அவர் கடனை எல்லாம் ஒரு நோட்டில் எழுதினோம். யாருக்கு எவ்வளவு, வட்டி என்ன, எந்தக் கிழமை. ஒரு கடனை அடைக்க வாங்கிய இன்னொரு கடன்தான் அவரை அழுத்திக்கொண்டிருந்தது. இதற்கு மேல் எந்தக் குழுவிலும் கையெழுத்துப் போடுவதில்லை என்று முடிவெடுத்தோம். வட்டி அதிகமானதை முதலில் அடைக்க வழி பார்த்தோம். இந்த வாரம் செய்ய முடிந்தது இந்தப் பக்கம், செய்ய முடியாதது அந்தப் பக்கம். அந்தப் பக்கத்தில் கைவைத்து ஜெபித்தோம். கடன் இன்னும் முழுதாகத் தீரவில்லை. ஆனால் ராத்திரி தூக்கம் வருகிறது என்றார். மோசேக்கு மாமனார் எத்திரோ இதைத்தானே சொன்னார்? நீ ஒருவனாக இத்தனையும் சுமந்தால் தளர்ந்துபோவாய், பாரத்தைப் பகிர்ந்துகொடு என்றார். சபையில் வங்கி தெரிந்தவர், சட்டம் தெரிந்தவர், நர்ஸ், ஆசிரியர் எல்லோரும் இருக்கிறார்கள். அசனத்துக்கு அரிசி அளக்கிற நாம் இந்த அறிவையும் அளந்து கொடுக்கலாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பொழுது சாய்வதற்குள் கோபத்தைத் தீர்த்துக்கொள்ளச் சொன்னார் பவுல், சண்டையோடு படுத்தவருக்கு நல்ல தூக்கம் வராது. சாயங்காலம் அரைமணி நேரம் நடங்கள், துணையோடு நடந்தால் இன்னும் நல்லது. ஞாயிற்றுக்கிழமையை ஆலய வேலைகளாலேயே நிரப்பிவிடாதீர்கள். கமிட்டி, தேர்தல், கணக்கு என்று ஓய்வுநாளையே மிகவும் களைப்பான நாளாக ஆக்கிவிட்டோம். சபைத் தேர்தல் வருகிற வருஷங்களில் எத்தனை சகோதரர்கள் பேசிக்கொள்ளாமல் போய்விட்டார்கள்! புயல் அடித்தபோதும் இயேசு படவில் தலையணை வைத்துத் தூங்கினார் என்று மாற்கு எழுதுகிறார். மணி பதினொன்றாகியும் போனை வைக்க முடியாத நாம் அவருடைய சீடர்கள். டென்ஷனுக்கு மருந்து என்று டாஸ்மாக்குக்குப் போகிற தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை: அது தூக்கத்தையும் கெடுக்கும், மறுநாள் கவலையை இரண்டு மடங்காகத் திருப்பித் தரும்.

இப்போது கடினமான விஷயத்துக்கு வருகிறேன். எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஒரு பெண் வீட்டில் அடி வாங்கிக்கொண்டிருந்தால் அவள் மன அழுத்தத்துக்குப் பத்து நிமிடத் தியானம் பதில் ஆகாது. "ஜெபம் பண்ணும்மா, அவர் மாறுவார்" என்று மட்டும் சொல்லி அவளை அந்த வீட்டுக்கே திருப்பி அனுப்பாதீர்கள். 181 என்பது பெண்களுக்கான உதவி எண். போதகர் வீட்டம்மாமார்களும் பெண்கள் ஐக்கிய சங்கத்தாரும் அதை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.

அதேபோல், தொடர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, எதிலும் ஆசையில்லை, அழுகை நிற்கவில்லை, செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் வருகிறது என்றால் அது மருத்துவரிடம் போக வேண்டிய நோய். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவரை யாரும் விசுவாசமில்லாதவர் என்று சொல்வதில்லை. மனதுக்கு மாத்திரை சாப்பிட்டால் மட்டும் ஏன் சொல்லுகிறோம்? ஜெபம் பண்ணிவிட்டேன், இனி மாத்திரை வேண்டாம் என்று பாதியில் நிறுத்தி மோசமானவர்களை நான் பார்த்திருக்கிறேன். நிறுத்தச் சொல்வதற்கு எந்தப் போதகருக்கும் அதிகாரம் இல்லை, அதை மருத்துவர் மட்டுமே சொல்ல வேண்டும். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருப்பவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று நாட்டின் 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டமே சொல்கிறது. சாவைக் கேட்ட எலியாவை ஆண்டவர் தண்டிக்கவில்லை என்று வாசிக்கிற சபை சட்டத்தைவிடக் கடுமையாக இருக்கலாமா? பிழைத்து வந்த பிள்ளையைப் பற்றிப் புறணி பேசுகிறோம், அந்தக் குடும்பத்துக்குப் பக்கத்தில் உட்காரத் தயங்குகிறோம். இது நிற்க வேண்டும்.

சேகர குருமாரிடமும் சபை மூப்பர்களிடமும் இதைக் கேட்டு முடிக்கிறேன். கஷ்டத்தோடு வருகிற யாரிடமும் "உனக்கு விசுவாசம் போதாது" என்று சொல்லாதீர்கள். முதலில் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேளுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் உங்கள் ஆலயத்து அறிவிப்புப் பலகையில், எல்லோர் கண்ணிலும் படுகிற எழுத்தில் ஓர் எண்ணை எழுதிவையுங்கள். 14416. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசிச் சேவை அது. இருபத்துநாலு மணி நேரமும் இலவசமாகக் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம்.